பதினேழாம் நம்பர் தலை

இடது கை ஊசியைப் பிடித்திருக்கிறது. காதைப் பாதியில் வெட்டி, மிச்சத்தை இரண்டு பல்லுள்ள கவட்டையாக்கிய ஊசி அது. வலது கை ஒரே ஒரு முடியை எடுத்து அந்தக் கவட்டையில் மாட்டுகிறது. விளக்குச் சூட்டில் லேசாக இளகியிருக்கும் மெழுகில் ஊசி சாய்வாக இறங்குகிறது. வெளியே வரும்போது முடி உள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டைவிரல் அந்த இடத்தை ஒரு முறை நீவிக்கொடுக்கிறது. பிறகு அடுத்த முடி. ஒரு தலைக்கு இப்படி நாலு வாரம்.

பிடரியில் தொடங்கி மேலே ஏறவேண்டும். பதினோராம் நாள் காதுகளைத் தாண்டி ஏறியபோது இடது கை நின்றது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் தலையைப் பொத்திப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் போய் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு. இல்லை. உச்சியும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

மெழுகு மாளிகையில் அவளை எல்லோரும் முடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரபலங்களின் மெழுகு மாளிகை என்று வாசலில் பளபளவென்று எழுதியிருக்கும். நொடித்துப்போன ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடி அது. காலையில் துறைமுகத்தைப் பார்த்து வேர்த்துப்போன சுற்றுலாப் பயணிகளை, மதியச் சாப்பாடு வரைக்கும் எங்கேயாவது குளிரில் உட்காரவைக்க வேண்டும் என்று பேருந்துக்காரர்கள் இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். பார்வையாளர் புத்தகத்தில் அதிகம் பாராட்டு வாங்கியது குளிர்சாதனம்தான். 'மிகவும் தத்ரூபமான குளிர்' என்று ஒருவர் மனம்விட்டு எழுதியிருந்தார்.

மொத்தம் பத்தொன்பது சிலைகள். யார் யார் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்த்தால் போதாது, காலடியில் இருக்கும் பலகையைப் பார்க்க வேண்டும். பலகைகள் திருகாணியில் மாட்டியவை, கழற்றுவது சுலபம். தேர்தலில் தோற்ற அமைச்சர் ஒருவர் மீசையை இழந்து, கண்ணாடி அணிந்து, ஒரே வாரத்தில் விஞ்ஞானி ஆனார். ஊக்கமருந்தில் மாட்டிய ஓட்டக்காரர் இப்போது தாடி வைத்த பாடகர். ஓடுகிற பாவனையில் இருந்த கையில் ஒலிவாங்கியைச் சொருகிவிட்டார்கள். அவர் இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டேதான் பாடுகிறார்.

இந்த மாளிகைக்கு இப்போது ஒரே நம்பிக்கை நாயகர். ஊர் பேர் சொல்லத் தேவையில்லாத நடிகர். நாயகர் என்றால் அவர்தான். அறுபத்து நாலு வயது. படத்தில் இன்னும் கல்லூரிக்குப் போகிறார். அவர் சிலையைச் செய்து, அவரையே கூட்டிவந்து திறக்கவைத்தால் கூட்டம் அலைமோதும் என்பது மேலாளரின் கணக்கு. முடியக்காவிடம் அவர் சொல்லியிருந்தார்:

"ஏம்மா, இந்தச் சிலை மட்டும் அவருக்குப் பிடிச்சுப்போய், அவரே வந்து திறந்துவெச்சாருன்னா, உன்ன நிரந்தரம் பண்ணிடறேன். முத்திரை போட்ட உத்தரவு. கையில குடுப்பேன்."

மூன்று வருடமாக அவள் தினக்கூலி. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு விக் பட்டறையில் இருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குப் போனவளைக் கதவில் தொங்கிய பூட்டு வரவேற்றது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் வீட்டில். இன்றைக்கும் மாளிகையின் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்று, கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சப் படி ஏறுவாள். அந்த எட்டிப் பார்க்கிற வேலை ஒழிய வேண்டும். அதற்குத்தான் அந்த உத்தரவு.

பட்டறையில் வாடிக்கையாளருக்குப் பேர் கிடையாது. நம்பர்தான். தலை அளவுக்குச் செய்த மரக்கட்டையில் வலையை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட வேண்டும். கட்டையின் கழுத்தில் நம்பர் எழுதியிருக்கும். யார் தலை என்று கேட்கக் கூடாது. தெரிந்தாலும் வெளியே மூச்சுவிடக் கூடாது. வேலையில் சேரும்போது வாங்கிய சத்தியம் அது. பதினேழாம் நம்பர் கட்டை அவள் பொறுப்பு. ஒன்பது விக்குகள் முடிந்திருக்கிறாள். இடது கைக்காரியானதால் அவள் போடும் உச்சிச் சுழி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஒரு நாள் பேருந்தில் போகும்போது, முப்பதடி உயர சினிமா விளம்பரத்தில், கதாநாயகியின் காலில் விழுந்து கிடக்கும் நாயகரின் உச்சந்தலையில் அந்தச் சுழியைப் பார்த்தாள். பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள், ஏன் சிரிக்கறீங்க என்று. ஒண்ணுமில்ல என்றாள்.

அந்தப் பதினேழுதான் இப்போது எதிரே பீடத்தில் இருக்கிறது, வேறு யாரோ ஒருவருடைய மண்டையோடு.

சிற்பியிடம் போனாள். அவர் ஒரு மெழுகுக் கையின் நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தலை பெருசா இருக்கு."

"யாரு தலை?"

"நாயகர் தலைதாண்ணே."

"அது ஊருக்கே தெரியுமே. நான் என்ன பண்ணட்டும்?"

"அளவச் சொல்றேன்ணே."

"அளவு நானே நேர்ல போய் எடுத்தது. மேலாளரும் கூட நின்னாரு. உதவியாளர் ஒருத்தன், நாயகர் தலைமுடி மேல கை படக்கூடாதுன்னு காவல் நின்னான். படாம எடுத்தேன். முடி கனத்துக்கு வழக்கமா கழிக்கிற அரை விரல கழிச்சாச்சு. இதுக்கு மேல என்ன?"

அங்கேதான் பிசகு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முடி கனத்தைக் கழித்தவர், அதற்குக் கீழே வலை, பட்டி, பசை, நாலு வருடப் பழசில் அடியில் வைத்து ஒட்டிய பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்தே மண்டை என்று எடுத்துக்கொண்டார். விக்குக்கும் சேர்த்து ஒரு மண்டை வார்த்திருக்கிறார். அதன்மேல் அவள் மறுபடி முடி நட்டால், விக்கின்மேல் விக் வைத்தமாதிரிதான். கவிழ்த்த பானை.

"இடது காதுக்கு மேல ஒரு பள்ளம் இருக்கணும்ணே."

சிற்பி தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீ எப்பம்மா அவரு தலையத் தடவின?"

பட்டறைச் சத்தியம் நினைவுக்கு வந்து அவள் தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

மேலாளரிடம் போனால் அவர் இன்னும் சுருக்கமாக முடித்தார். "போட்டோவுல இருக்கற மாதிரி இருக்கணும், அவ்ளோதான். பள்ளத்த யாரு வந்து தடவிப் பாக்கப் போறா?"

வீட்டிலும் நாயகர்தான். அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாயகரின் முப்பது வருட ரசிகன். அவனுக்கு முன்வழுக்கை ஏற ஏற, நாயகர்மேல் பக்தியும் ஏறிக்கொண்டே போனது.

"பாரு, அறுபத்து நாலு வயசு. ஒரு முடி கொட்டிருக்கா?" என்றான், சாப்பிட்டுக்கொண்டே சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி. "எல்லாம் மனசு சுத்தமா இருந்தா வர்றது."

"அப்ப உங்க மனசுக்கு என்ன?"

"எனக்கு எண்ணெய் சரியில்ல." அவன் உள்ளங்கையால் நெற்றியைத் தடவி, மிச்சமிருந்ததை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான். "ஏண்டி, அவரு முடி மாதிரியே நடறியே, அந்தச் சுழிய மட்டும் விட்டுறாத. அது அவருக்குப் பிறவியிலயே அமைஞ்சது. ராசி."

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். புரை ஏறியது. அவன் எழுந்து வந்து முதுகைத் தட்டினான்.

இருபத்தோராம் நாள், திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நாயகர் தனியாகப் பார்க்க வந்தார். தனியாக என்றால் எட்டுப் பேரோடு. மேலாளர் வாசலுக்கும் அறைக்குமாக ஓடியதில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முடியக்கா முக்கால்வாசி முடி நட்டிருந்தாள். முகத்துத் துணியை எடுத்தார்கள்.

நாயகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிலையைப் பார்த்தார். ஒரு பக்கமாகப் போய் நின்று பார்த்தார். சிலை அவரை விடக் கம்பீரமாக அவரைப் பார்த்தது.

"இது யாரு?"

மேலாளர் பலகையைக் கொண்டுவந்து காலடியில் வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு நீர்க்கோவை வந்த மாதிரி இருக்கு," என்றார் நாயகர். "இத வெச்சுத் திறந்தா நான் வரமாட்டேன். அவ்ளோதான்."

உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். எட்டுப் பேரும் திரும்பினார்கள். முடியக்காவுக்கு மாடிப்படியும் பூட்டும் கண்ணில் வந்து நின்றன.

"ஐயா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தலை அளவு தப்புங்க. நான் சரிபண்ணித் தரேன். ஒரு தரம் தொட்டுப் பாக்கணும்."

"தொடறதா?" உதவியாளர் நடுவில் வந்து நின்றார். "யாரும்மா நீ? அவரு முடிய அவரு வீட்டம்மாகூடத் தொட்டதில்ல."

"பதினேழாம் நம்பருக்கு இடது காதுக்கு மேல ஒரு பள்ளம் உண்டுங்க," என்றாள் அவள், உதவியாளரைப் பார்க்காமல். "வலையில அந்த எடத்துல மட்டும் ரெட்டை மடிப்பு வெக்கணும். இல்லன்னா காத்துல தூக்கும்."

அறையில் ஒருவருக்கும் எதுவும் விளங்கவில்லை. நாயகருக்கு மட்டும் விளங்கியது. அவர் கை தன்னையறியாமல் இடது காதுக்கு மேலே போய், பாதியில் நின்று, இறங்கியது.

"எல்லாரும் வெளிய இருங்க," என்றார்.

கதவு சாத்தியதும் அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"பட்டறையில இருந்தியா?"

"ஒம்பது நான் முடிஞ்சதுங்க. இது ஒம்பதாவது. நாலு வருசம் தாண்டிடுச்சு. வலை போயிருக்கும்."

"பட்டறைய மூடிட்டான். வேற நாலு எடத்துல பாத்தேன். ஒருத்தன் செஞ்சது குதிரை வாலு மாதிரி இருந்துச்சு." இரண்டு கைகளையும் பின்னால் கொடுத்து, செருப்பைக் கழற்றுகிற மாதிரி சாதாரணமாக அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பசை போட்டுப் போட்டு ஓட்டறேன். உள்ள பஞ்சு வேற. சண்டைக் காட்சியில நான் திரும்பறதுக்குள்ள இது முன்னாடி திரும்பிடுது."

அவள் சிரிப்பை விழுங்கினாள். அவருடைய தலையைத் தொட்டாள். கட்டைவிரல் நேராகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பதினோரு வருடம் மரத்தில் தொட்டது இப்போது சூடாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் சொன்னது இதுதான். மெழுகுத் தலையை உண்மையான அளவுக்குச் சீவிவிடலாம். நட்ட முடி போகும், போகட்டும். மறுபடி நடப் பத்து நாள் போதாது. அதனால் இந்தப் பழைய விக்கையே அலசி, பசையை எடுத்து, சிலைக்கு வைத்துவிடலாம். ஊரார் பார்த்துப் பழகிய தலை அப்போது அப்படியே வந்துவிடும். அவருக்குப் புதிதாக அவள் முடிந்து தருவாள்.

"விழாவுக்குள்ளயா?"

"முடியாதுங்க. ரெண்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். முன்னாள் அமைச்சரான இந்நாள் விஞ்ஞானியின் தலைக்காக வாங்கி, பொருந்தாமல் ஆணியில் தொங்கிய அகல விளிம்புத் தொப்பி கண்ணில் பட்டது. எடுத்துத் தட்டிக் கொடுத்தாள்.

அவர் வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பினார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், தனக்கே ஆச்சரியமாக. பிறகு கேட்டார்: "உனக்கு என்ன வேணும்?"

"நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. விழா முடிஞ்சா மறந்துடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்லிட்டேன்னு வெச்சுக்க."

அன்றைக்கு அவர் பழையபடி விக்கோடுதான் வெளியே போனார். மறுநாள் காலை ஒரு கேக் பெட்டி வந்தது, கொண்டுவந்தவர் உதவியாளர். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தவர் முகத்தில் இருபது வருடச் சுமையை இறக்கிவைத்த களை. சிற்பி ஒன்றும் கேட்காமல் மெழுகுத் தலையைச் சீவினார். இடது காதுக்கு மேலே தானே ஒரு பள்ளம் தோண்டினார். மேலாளர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ," என்றார். அன்று முதல் அந்த மாளிகையில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது.

திறப்பு விழாவுக்குத் தெரு அடைத்துக்கொண்டது கூட்டம். திரை விலகியதும் ஒரு ஓலம் எழுந்தது. முதல் தடவையாகப் பலகையைப் பார்க்காமல் ஒரு சிலையை மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். தொப்பியோடு மேடையேறிய நாயகர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"எல்லாச் சிலைக்கும் யார் யாரோ முடிய வெக்கிறாங்க," என்றார், தழுதழுத்த குரலில். "என் மக்களுக்காக, இதுக்கு என் முடியையே குடுத்திருக்கேன்."

கூட்டத்தில் பலர் அழுதார்கள். ஓரமாக நின்றிருந்த முடியக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அந்த மனிதர் பேசியதில் இதுதான் உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வீடு திரும்பிய கணவன் தலையில் ஒரு அகல விளிம்புத் தொப்பி. ஊர் முழுக்க அதே தொப்பிதான் விற்கிறதாம்.

"தலைமுடிய வெட்டிக் குடுத்துட்டான்டி மனுஷன். அதான் தொப்பி. வளர்ற வரைக்கும் விரதம் மாதிரி." தொப்பியைக் கழற்றவே மனமில்லை அவனுக்கு. வழுக்கையும் அதற்குள் பத்திரமாக இருந்தது. "நீயா இருந்தா குடுப்பியா?"

"நான் நிறையவே குடுத்துட்டேங்க," என்றாள் அவள்.

மாளிகைக்குக் கூட்டம் குவிந்தது. உத்தரவு மட்டும் வரவில்லை. முதல் வாரம் தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை. இரண்டாம் வாரம் ஊருக்கு வந்தார், உடம்பு சரியில்லை. ஐந்தாம் வாரம் தாள் தயார், முத்திரை காணோம். ஒவ்வொரு தடவையும் மேலாளர், "வந்துடும்மா, என்ன அவசரம்," என்றார்.

அவளுக்கும் அவசரமில்லை. பதினேழாம் நம்பருக்கு மரக்கட்டை ஒன்று புதிதாகச் செய்து, வலையைக் கட்டி, ஒவ்வொரு முடியாக முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதம் ஆனது. முன்னந்தலை மட்டும் பாக்கி. அங்கே வந்ததும் அவள் கை திடீரென்று நிதானமாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம். பிறகு அரை விரல். பிறகு முந்தின நாள் போட்டதைப் பிரித்து, சரியில்லை என்று மறுபடி போட்டாள். பொய் சொல்லவில்லை, சரியாக்க இடமிருக்கத்தான் செய்தது. எப்போதும் இருக்கும்.

நாயகருக்குப் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. கதைப்படி அவர் நீச்சல் வீரர். தொப்பியோடு நீந்துகிற காட்சியை இயக்குநர் மூன்று தரம் மாற்றி எழுதிப் பார்த்தார். தினமும் உதவியாளரிடமிருந்து மேலாளருக்குத் தொலைபேசி. மேலாளர் வந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, எப்பம்மா முடியும்?"

"கை ஓடமாட்டேங்குது சார்."

"ஏன், உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தினக்கூலிக் கை சார், நாளைக்கு இருக்கமோ இல்லையோன்னே ஓடுது. முன்னந்தலைக்கு நிரந்தரமான கை வேணும்."

மேலாளர் அவளைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். காணாமற்போன முத்திரை அன்று மதியமே அவர் மேசை இழுப்பறையில் அகப்பட்டது. உத்தரவை அவள் இரண்டு முறை படித்தாள். வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். மடித்துச் சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் வைத்து மூடினாள். பிறகு ஊசியை எடுத்தாள். நாலே நாளில் முன்னந்தலை முடிந்தது.

ஐந்தாம் நாள் காலை நாயகர் உதவியாளரோடு பின்வாசல் வழியாக வந்தார். அவள் அவர் தலையைத் துடைத்து, பள்ளத்தில் ரெட்டை மடிப்பு சரியாக உட்காரும்படி விக்கை வைத்து, நுனியிலிருந்து மேலாகச் சீவிவிட்டாள். அவர் கண்ணாடிக்கு அருகில் போனார்.

"காதோரம் என்ன, வெள்ளையா?"

"நாப்பது முடி நரை வெச்சிருக்கேங்க. அறுபத்து நாலு வயசுக்கு அது இல்லன்னா விக்குன்னு தெரிஞ்சுடும்."

"சிலைக்கு ஒரு நரைகூட இல்லையே."

"அது வீட்டுக்குப் போகாதுங்களே. கிட்டத்துல பாக்க ஆள் இல்ல."

அவர் கண்ணாடியிலேயே அவளை முறைத்தார். தலையை ஆட்டிப் பார்த்தார், குனிந்து நிமிர்ந்தார், சண்டைக் காட்சியில் திரும்புகிற மாதிரி சட்டென்று திரும்பினார். முடியும் கூடவே திரும்பியது, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. காதோரத்தை விரலால் ஒரு தரம் தடவினார்.

"எடுக்க வேணாம்," என்றார். "இருக்கட்டும்."

வெட்டிக் கொடுத்த முடி வளர்ந்துவிட்டதாக ஊருக்கு அறிவிக்கும்வரை வழியில் தொப்பிதான் போட வேண்டும் என்று உதவியாளர் சொன்னதால், அவள் அதைப் பதமாகக் கழற்றி, மெல்லிய தாள் சுற்றி, அதே கேக் பெட்டியில் வைத்தாள். மாளிகையை விட்டு எந்தப் பொருள் போனாலும் ஒப்படைப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும்; நிரந்தர ஊழியர்தான் எழுதலாம். முதன்முறையாக அவளே புத்தகத்தை விரித்து, தேதி போட்டு, பொருள் என்ற இடத்தில் 'தலைமுடி, ஒன்று' என்று எழுதி, அவர் பக்கம் திருப்பினாள். நாயகர் பழக்க தோஷத்தில் 'அன்புடன்' என்று தொடங்கி, பக்கம் முழுக்க வளைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் மை காயும்வரை காத்திருந்து, புத்தகத்தை மூடிவிட்டு, பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.